வேட்டு எண்ணியவள்

டவுன் பஸ்ஸில் பாவாத்தாளுக்குப் பக்கத்துச் சீட்டு கிடைத்தவர் அன்றைக்குத் தூங்கின மாதிரிதான். போத்தனூரில் ஏறினால் சிங்காநல்லூரில் இறங்கும்வரை அவள் வாய் ஓயாது. "அதா, அந்த மில்லுச் செவுரு தெரியுதுங்களா? அடியில கெடக்கறது பூராம் எங்க குழிக் கல்லுங்க. இந்த ரோட்டுக்கும் எங்க கல்லுதானுங்க. அந்தப் புது ஆஸ்பத்திரிய பாருங்க, மேல பூசுன சாயந்தான் அவங்குளுது, உள்ள இருக்கறது எங்க ஜல்லிங்க." ஏதோ கோயமுத்தூரையே அவள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கி வைத்த மாதிரி பேசுவாள். யோசித்துப் பார்த்தால் அதில் பாதி உண்மைதான்.

பக்கத்துச் சீட்டுக்காரர் இடையில் ஏதாவது சொன்னால் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவாள். மாமனார் செத்துப்போனதைச் சொன்ன ஒருவரிடம்கூட ஒருமுறை "ஆமாங்க, ரொம்ப நல்லதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். வாயாடி என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். விடாமல் பேசுகிறவளுக்குக் காது கேட்காது என்று யாருக்காவது தோன்றுமா? அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் பீற்றிக்கொள்ளும் அந்தக் குழி, போத்தனூருக்குத் தெற்கே நாலு மைல் தள்ளி இருந்த நொண்டிக்கரட்டுக் குழி. ஒரு காலத்தில் அது கரடுதான், சின்னப் பாறைக் குன்று. ஒரு பக்கம் சரிந்து கிடந்ததால் அந்தப் பெயர். ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், பருத்தி வெள்ளாமை பண்ணிக்கொண்டிருந்த ஒரு நாயுடு குடும்பம் மில்லு கட்டப் போகிறோம் என்று கிளம்பியது. அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். கரட்டை வாங்கி, உளியும் சம்மட்டியுமாக ஆட்களை ஏற்றினார்கள். மாட்டு வண்டிகள் வரிசை கட்டிப் போயினவாம். மில்லு எழும்பியது. அடுத்த மில்லுக்காரரும் வந்தார், அதற்கடுத்தவரும் வந்தார். அப்புறம் தண்டவாளத்துக்கு அடியில் கொட்ட ஜல்லி கேட்டு ரயில்வே ஆட்கள் வந்தார்கள். தார் ரோடு போடுகிறவர்கள் வந்தார்கள். வீட்டுக்கு வீடு கரன்ட் கிரைண்டர் ஓட ஆரம்பித்த காலத்தில், அதற்குக் கல் கொத்துகிறவர்கள் வந்து, பெண் பார்க்க வந்தவர்கள் போலப் பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொண்ணூறு பிறந்ததும் சரவணம்பட்டிப் பக்கம் காலேஜ்கள் கிளம்ப, டிப்பர் லாரிகளுக்கு ஓய்வே இல்லை. கரடு தரைமட்டமாகி, அதற்குக் கீழேயும் எண்பது அடி போய்விட்டது. நாயுடு குடும்பத்துப் பேரன் சுந்தரராஜுலுதான் அப்போது முதலாளி. "கோயமுத்தூருல ஒரு மாடி ஏறுச்சுன்னா நம்ம குழி ஒரு ஆள் ஆழம் எறங்குதுங்க" என்று அவரிடமே சொல்வார் அங்கப்பன்.

அங்கப்பன் பாவாத்தாளின் புருஷன். குழியில் வேட்டு வைக்கிறவர். கம்ப்ரசரால் பாறையில் துளை போட்டு, மருந்தைத் திணித்துத் திரி செருகுவார்கள். எல்லாத் திரியையும் ஒரே நீளத்தில் நறுக்க மாட்டார் அங்கப்பன். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் நீளம். பற்றவைத்துவிட்டு ஓடி வந்து பாறை மறைவில் பதுங்கினால், ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். அதை எண்ண வேண்டும். ஒன்பது துளை போட்டிருந்தால் ஒன்பது வேட்டு கேட்க வேண்டும். எட்டுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அது எப்போது வெடிக்கும், வெடிக்குமா, வெடிக்காதா, யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு எவரும் குழிக்குள் காலை வைக்கக் கூடாது.

எண்ணுவது மேட்டில், ரோட்டோரமாகச் சிவப்புக் கொடியும் விசிலுமாக வண்டிகளை மறித்து நிற்கிற ஆளின் வேலை. மறைவில் இருக்கிறவருக்கு எதிரொலியும் சேர்ந்து காதில் விழும். மேட்டில் இருக்கிறவருக்குத்தான் சுத்தமாகக் கேட்கும். இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை துளை போட்டிருக்கிறது என்பதைக் கொடி பிடிக்கிறவரிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்துவிட்டால் மனசு அதைத்தான் எண்ணும். வேட்டு ஓய்ந்ததும் வேட்டு வைத்தவர் மறைவிலிருந்து வெளியே வந்து, மேட்டைப் பார்த்து "எத்தனை?" என்று கையைத் தூக்குவார். மேட்டிலிருந்து எண்ணிக்கை வரும். வைத்ததும் வந்ததும் ஒத்துப்போனால் அவர் முதலில் இறங்குவார். அவர் இறங்கிப் பார்த்துக் கை காட்டிய பிறகே மற்றவர்கள்.

எழுபத்தெட்டிலிருந்து அந்தக் கொடி பாவாத்தாள் கையில். அதற்கு முன் பத்து வருஷம் ஜல்லி உடைத்தாள், சுமந்தாள், மகள் அன்புச்செல்வியை வயிற்றில் வைத்துக்கொண்டும் சுமந்தாள். கொடிக்காரர் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், சும்மா போய் நில்லு என்று அவளை மேட்டுக்கு அனுப்பினார்கள். வேட்டு ஓய்ந்தது. "ஏழு" என்றாள். அந்த ஏழை நம்பி அங்கப்பன் குழிக்குள் நடந்து போனதை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தன் வாயிலிருந்து வந்த ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு மனுஷன் இறங்குகிறான், அதுவும் தன் மனுஷன். மறுநாள் கொடிக்காரர் காய்ச்சல் தெளிந்து வந்து கேட்டபோது அவள் கொடியைத் தரவில்லை. கடைசிவரை தரவே இல்லை.

காது எண்பத்தெட்டு வாக்கில் போக ஆரம்பித்தது. வேட்டுச் சத்தம் போதாதென்று பக்கத்தில் ஜல்லி அரைக்கிற கிரஷர் வேறு வந்துவிட்டது. முதலில் சேவல் கூவுவது போனது. பிறகு பால்காரர் மணி. பிறகு எட்ட நிற்கிறவர்களின் பேச்சு. ஒரு நாள் மத்தியானம் வேட்டும் போய்விட்டது. குழியிலிருந்து தூசி எழும்புகிறது, சத்தத்தைக் காணோம். அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் வெறுங்காலோடு பாறை மேல் நின்றிருந்தாள். உள்ளங்காலில் திம் என்று ஒன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. எண்ணினாள். ஆறு என்று சொன்னாள். சரியாக இருந்தது. அன்றிலிருந்து எட்டு வருஷம் அவள் காலால்தான் எண்ணினாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தும், அவர்களைப் பேசவே விடாமலும் மற்றதைச் சமாளித்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். முதலாளி ஒன்றும் கடித்துத் தின்றுவிட மாட்டார், தண்ணீர் ஊற்றுகிற வேலையாவது கொடுத்திருப்பார். ஆனால் கொடி வேறு கைக்குப் போய்விடும். வேறு யாரோ ஒருத்தி, போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டே குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வாள், அதை நம்பி அவர் இறங்குவார். வீட்டில் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. புருஷன் மேல் இருந்த பிரியத்தை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னவள் இல்லை. அத்தனையையும் பயமாகவே வைத்திருந்தாள்.

தொண்ணூற்றாறு ஆவணியில் காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்தது. அன்புச்செல்வி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தாள், குடும்பமும் அங்கேதான். அவள்தான் அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். செருப்பில்லாமல் ஓரடி நடந்தாலும் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார். மகள் நேராகச் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போய், மெத்து மெத்தென்று தடித்த ரப்பர் செருப்பு ஒன்றை வாங்கி, தானே குனிந்து அம்மா காலில் மாட்டிவிட்டாள். "இதக் கழட்ட மாட்டேன்னு எம் மேல சத்தியம் பண்ணுங்கம்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து பாவாத்தாளும் பண்ணிப்போட்டாள்.

அடுத்த மூன்று நாள் குழியில் வேட்டு இல்லை. நாலாம் நாள் வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரைக்கு வேட்டு. பாவாத்தாள் மேட்டில் நின்றாள், காலில் செருப்பு. கழற்றி ஓரமாக விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மகள் குனிந்து மாட்டிவிட்ட முகம் முன்னால் வந்து நின்றது. கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் போச்சு என்று இருந்துவிட்டாள். விசில் ஊதி, கொடியைக் காட்டி, ஒரு டிப்பர் லாரியை மறித்தாள். லாரி அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

தூசி எழும்பியது. செருப்பு வழியாக வேட்டு, மெத்தைக்கு அடியிலிருந்து யாரோ தட்டுவது போல வந்தது. ஒன்று. இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஏழு. எட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திம் என்று ஒன்று. கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். அவ்வளவுதான். அங்கப்பன் மறைவிலிருந்து வந்து கையைத் தூக்கினார்.

"ஒம்போதுங்கோ!" என்று கத்தினாள்.

அங்கப்பன் வைத்தது ஒன்பதுதான். ஆனால் அவர் காதில் விழுந்தது எட்டு.

குழிக்கு இறங்குகிற பாதை ஒன்றே ஒன்றுதான், ஒற்றையடிப் பாதை. அதன் வாயில் கூடையும் சம்மட்டியுமாக முப்பது பேர் நின்றிருந்தார்கள். கம்ப்ரசர் ஓட்டுகிற நசுருதீன் முன்னால் நின்றான், அவனுக்குப் பின்னால் ஜல்லி உடைக்கிற பெண்கள். அங்கப்பன் பாதைக்கு வந்தார், இறங்கவில்லை. அப்படியே வழியை அடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"கால் பொரண்டுபோச்சப்பா. சித்தே இருங்க."

"அண்ணா, நீங்க உக்காந்துக்கங்க, நாங்க எறங்கறோம்" என்றான் நசுருதீன்.

"நான் எறங்காம எவனாவது எறங்குனா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்று சீறினார் அங்கப்பன். கால் பிசகினவருக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று சிரித்தார்கள். அக்காவ வரச் சொல்லி எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்க என்று ஒருவன் கேலி பண்ணினான்.

மேட்டிலிருந்து பாவாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் கண்டதில்லை. கொடியைப் போட்டுவிட்டு ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காலைப் பிடித்து நீவினாள். கால் நன்றாக இருந்தது. அவர் காலைப் பார்க்கவே இல்லை, குழியையே பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளுக்குப் பொக்கென்று போய்விட்டது. லாரிக்காரன் பின்பக்கக் கதவை அறைந்து சாத்தியிருக்கிறான், அதை நான் வேட்டு என்று எண்ணிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் காலைப் பிடித்திருந்த கையில் அந்த ஒன்பதாவது வேட்டு வந்து மோதியது. கீழே, கூடைக்காரப் பெண்கள் தினமும் வரிசையாக உட்கார்கிற இடத்தில், மாட்டு வண்டி அளவுக்கு ஒரு பாறை பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

ஒன்பது என்று சொன்னவளுக்கு மேலே ஒரு வேட்டு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. அவளே எழுந்து நின்று சொன்னாள். "எனக்குக் காது கேக்காதுங்க. எட்டு வருசம் ஆச்சுங்க. இன்னிக்கு லாரிச் சத்தத்த வேட்டுன்னு எண்ணிப்போட்டேன். உங்க அத்தன பேரையும் கொன்னிருப்பேனுங்க."

வீட்டுக்குப் போனதும் அங்கப்பன் அவளுக்கு நேரே உட்கார்ந்து, அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாகப் பேசினார். "எனக்குத் தெரியும் அம்மணி."

"என்ன தெரியும்?"

"காது போனது. மொத வருசமே தெரியும்."

"தெரிஞ்சுட்டா சும்மா இருந்தீங்க?"

"என்ர எண்ணிக்கையும் உன்ர எண்ணிக்கையும் ஒரு நாளாவது மாறியிருந்தாத்தான சொல்றதுக்கு? நீ கேட்டு எண்ணுனியோ, என்னத்தப் பண்ணி எண்ணுனியோ, சரியா எண்ணுன. அப்புறம் நான் போய் உன்கிட்ட என்ன சொல்லுவேன்?"

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கோ தாங்க முடியாத கோபம் வந்தது. எட்டு வருஷமாகத் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார் என்றா, இன்றைக்கு அவ்வளவு பேர் நடுவில் "நீ தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லித் தன்னைத் தலைகுனிய வைக்காமல் கால் பிசகின மாதிரி நடித்தாரே அதற்கா, அவளுக்கே தெரியவில்லை. மூன்று நாள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேசாத வீட்டில் இருந்து பழக்கமில்லாத அந்த மனுஷன் திண்டாடிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சுந்தரராஜுலு காரில் வந்து இறங்கினார். திட்டவில்லை. "நீங்க வூட்டுல இருங்கம்மா, உங்க காலையும் பாத்துக்கோணும். கொடிக்கு யாரப் போடலாம், நீங்களே சொல்லுங்க" என்றார். அங்கப்பன் காதை மட்டும் நம்பினால் போதாதா என்று அவள் கேட்கவில்லை. பசி நேரத்தில் சீக்கிரம் இறங்க வேண்டும் என்று நினைக்கிறவர் தனக்கு வேண்டியதைத்தான் எண்ணுவார். அதனால்தான் இரண்டு எண்ணிக்கை. அன்புச்செல்வியை வரச் சொல்லலாமே என்றார் முதலாளி. வேண்டாமென்றாள். அப்பன் உயிரை நினைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை பதறிப்போய் எண்ணும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் பாவாத்தாள் லட்சுமியம்மாள் வீட்டுக்குக் கிளம்பினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. லட்சுமியம்மாளும் குழியில் ஜல்லி உடைக்கிறவர்தான்; வியாழக்கிழமை நசுருதீனுக்குப் பின்னால் கூடையோடு நின்றவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பேருக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எண்பத்தைந்து வறட்சியில் தெருக்குழாயில் வீட்டுக்கு அஞ்சு குடம் என்று வைத்திருந்தார்கள். பாவாத்தாள் ஆறு பிடித்தாள் என்றார் லட்சுமியம்மாள். அஞ்சுதான் என்று சாமி மேல் ஆணையிட்டாள் பாவாத்தாள். அன்றோடு முறிந்தது.

லட்சுமியம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் கொள்ளு பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ஏனக்கா" என்றாள் பாவாத்தாள். "நாளையில இருந்து கொடிய நீங்க புடிக்கோணும்."

"ஏன், ஊர்ல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்கக்கா. மத்தவங்க எல்லாம் எனக்கு வேண்டியவங்க. அவரு வெயில்ல நிக்கறாரு, பாவம்னு ஒன்னு கூட்டிச் சொல்லிப்போடுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னிக்கு அஞ்சு கொடம்னு சாதிச்சேனுங்களே. ஆறுதானுங்கக்கா. அவருக்குக் காய்ச்சல், உடம்பு தொடைக்கத் தண்ணி பத்தல. நீங்கதான் சரியா எண்ணுனீங்க."

லட்சுமியம்மாள் கொள்ளில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். வியாழக்கிழமை செத்திருக்க வேண்டியவர் அவர். அதைச் சொல்லிக் காட்டுவார் என்று பாவாத்தாள் தயாராக நின்றாள். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

"ஆறுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார், உதடு தெளிவாகத் தெரியும்படி. "கொடியும் விசிலும் கொண்டாந்தியா?"

மறுநாள் மத்தியானம் பாவாத்தாள் வீட்டில் இருந்தாள். குழிக்கும் வீட்டுக்கும் அரை மைல், நடுவில் உழுது போட்ட மண் காடு. கால் வழியாகவும் ஒன்றும் வராது. அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். பன்னிரண்டரை ஆகியிருக்கும். அவர் இறங்கியிருப்பார். இல்லை, ஒன்று குறைந்து உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால். அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை. உலை கொதித்துக் கொதித்துத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.

உச்சி வெயிலில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு லட்சுமியம்மாள் வருவது தெரிந்தது. சோற்று நேரத்தை விட்டுவிட்டு அந்தக் காட்டை நடந்தே கடந்து வந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். இரண்டு கைகளையும் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு இன்னும் ஒன்று. அதற்குப் பிறகு குழிப் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இறக்கிக் காட்டினார். அவர் இறங்கிவிட்டார், நல்லாயிருக்கிறார் என்று அர்த்தம். வந்த வழியே திரும்பி நடந்தார்.

குழியில் ஊற்று உடைந்து வேலை நிற்கும்வரை மூன்று வருஷம் இப்படித்தான். வேட்டு வைத்த ஒரு நாள்கூட லட்சுமியம்மாள் வராமல் இருந்ததில்லை. குழாயடியில் இரண்டு பேருக்கும் முறைப்பு என்னவோ ஓயவில்லை. ஆனால் மத்தியானத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் அந்த விரல்கள் உயர்ந்து, உள்ளங்கை கீழே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் பாவாத்தாள் உள்ளே போய் உலையில் அரிசியைப் போடுவாள்.